புல்லு வெட்டுற மெசினில ஓடின சைக்கிள்

2022 ஆகஸ்ட். கியூஆர் கோட்டுக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். எங்கட வீட்டில இருந்த ஒன்று நானாட மீன் வியாபாரத்துக்கே காணாது. பள்ளிக்கூடம் 11 கிலோமீற்றர்.

நானாவோட சேர்ந்து, வாப்பாட பழைய சைக்கிள்ல புல்லு வெட்டுற மெசின்ட எஞ்சினைப் பூட்டினோம். எஞ்சினில ஒரு இரும்பு உருளை. அது பின் டயரை அழுத்திச் சுத்தினா சைக்கிள் ஓடும். சத்தம் சொல்லி வேலையில்ல. “சேர், ஏரோப்பிளேன் வந்திட்டா?” என்று பிள்ளைகள் கேட்பாங்க.

மழை பெஞ்சா உருளை வழுக்கும். அதைவிடப் பெரிய பிழை பிறேக். மிதிக்கிற வேகத்துக்குச் செய்த ரப்பர் கட்டை, எஞ்சின் வேகத்தைப் பிடிக்கல்ல. ஒருநாள் ரோட்டுக்கு ஓடி வந்த சின்னப் பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றோம்.

அன்றைக்கே கழற்றினோம். பிறகு மிதிதான்.

இப்ப தரம் 9 மாணவன் ஒருத்தன், எப்படிப் பூட்டினீங்க சேர் என்று கேட்டு வாறான். முதல்ல சைக்கிளைக் கொண்டு வந்து பிறேக்கைக் காட்டச் சொல்லியிருக்கோம்.