ஓடாத மீற்றர்

மாதந்தோறும் வீடு தேடி வரும் கட்டணச் சிட்டைகளைப் பற்றி எந்தப் புலவரும் பாடியதில்லை. ஆயினும், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இன்பதுன்பங்களை அறிய விரும்புவோர், அவ்வீட்டுச் சுவரில் ஆணியிற் குத்தித் தொங்கும் சிட்டைகளைப் புரட்டினாலே போதும். மின்சாரச் சிட்டை, அவ்வீட்டில் எத்தனை விளக்கு எரிந்தது என்பதைச் சொல்லும். தண்ணீர்ச் சிட்டை, எத்தனை பேர் குளித்தனர் என்பதைச் சொல்லும். சென்ற ஆண்டு நமது வீட்டு ஆணியில் ஏறிய தொலைக்காட்சிச் சிட்டை ஒன்றோ, நமது அறியாமையையும், அதனினும் பெரிதாய் நமது நாவின் கடுமையையும் நமக்கே எடுத்துச் சொல்லிற்று. வாசகர் வீடுகளிலும் இத்தகையதொன்று நேரலாம் என்பதனால் அதனை ஒளியாது இங்கு எழுதுகின்றோம்.

பாமன்கடையில், கால்வாய்க்கு அண்மையிலுள்ள தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் நாம் குடியிருக்கின்றோம். நம்மோடு வாழும் தாயாருக்கு அகவை எழுபத்தெட்டு. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வில் நல்லூரிலிருந்த வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டவர். வன்னி வழியே கொழும்பு வந்து சேர்ந்த பின்னர், அவரது உலகம் ஆண்டுக்காண்டு சுருங்கிற்று. முழங்கால் நோவு வந்த பிறகு படியிறங்குவதும் அரிதாயிற்று. மயூரபதி அம்மன் கோயில் கூப்பிடு தொலைவில் இருந்தும், அம்மனைக் காண மாதத்துக்கொரு முறை செல்வதே பெரும் பாடு. எனவே தொலைக்காட்சிப் பெட்டியே அவருக்குத் திண்ணை. அதுவே கோயில் வீதி. நல்லூர்க் கந்தனின் திருவிழா இருபத்தைந்து நாளும் அதன் முன்னே அமர்ந்துவிடுவார். கோயில் மதிலுக்கு அப்பால் ஒரு மரம் தெரிந்தாலும், அது யாருடைய வளவு மரமென்று நமக்குச் சொல்லுவார்.

சென்ற ஆண்டு வைகாசியில், நமக்குச் செய்மதித் தொலைக்காட்சி இணைப்பு வழங்கும் நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பழைய பெட்டி காலங்கடந்ததாம். புதியது ஒன்றைக் கட்டணமின்றி மாற்றித் தருவார்களாம். கட்டணமின்றி என்ற சொல்லைக் கேட்ட பின் வேறென்ன கேட்பது? சனிக்கிழமை காலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில், ஏணியுடன் ஓர் இளைஞர் வந்தார். பல்கனியிலிருந்த டிஷ்ஷைச் சற்றுத் திருப்பினார், பெட்டியை மாற்றினார், படம் தெரிகிறதா என்று பார்த்தார். பின்னர் ஆங்கிலத்திற் பொடி எழுத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டி, “சேர், இங்க ஒரு சைன்” என்றார். கையிலிருந்த சிவப்புப் பேனாவினாலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

“வினாத்தாளை இருமுறை வாசித்த பின்னரே விடை எழுதத் தொடங்குங்கள்” என்று மாணவருக்கு இருபது ஆண்டுகளாய் ஓதி வருபவர் நாம். அன்று ஒருமுறையும் வாசித்தோமல்லோம்.

முதல் மாதச் சிட்டை வழமை போலவே இருந்தது. ஆனி மாதத்துச் சிட்டையைப் பிரித்தபோதுதான் திடுக்குற்றோம். வரியோடு 1,652 ரூபாவாக இருந்தது 2,655 ரூபாவாகியிருந்தது. அன்று கல்லூரியிலிருந்து களைத்து வந்திருந்தோம்; வழியில் மழையிலும் நனைந்திருந்தோம். ஆனால் இவையெல்லாம் சமாதானமாகா. “விடிஞ்சா பொழுதுபட்டா ரீவி ஓடிக்கொண்டிருந்தால் பில் ஏறாமல் என்ன செய்யும்?” என்று சற்று உரத்தே சொல்லிவிட்டோம். அடுத்த அறையில் மாமி இருக்கிறார் என்று மனைவி கண்ணாற் காட்டினாள். சொல் வில்லைவிட்டுப் போய்விட்டது.

அதன் பின் ஒரு மாதம் வீட்டில் மாறுதல் எதனையும் நாம் கவனித்திலோம். நாம் காலை ஆறரை மணிக்கு வெளியே சென்றால் மாலையிலேதான் திரும்புவோம். மாலையில் தொலைக்காட்சி ஓடாதிருப்பது கண்டு கேட்டபோது, “கண் எரியுது தம்பி” என்றார் தாயார். காலி வீதி மருந்துக் கடையிற் கண்ணுக்கு விடும் துளிமருந்து வாங்கிக் கொடுத்தோம். அவரும் மறுக்காமல் விட்டுக்கொண்டார்.

ஆடி மாதத்துச் சிட்டை வந்த அன்று, அதனைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே நின்றார். ஆங்கிலம் அறியாராயினும் இலக்கம் அறிவார். அவர் முகத்தில், கணக்குப் பிழைத்த பிள்ளையின் அச்சம் தெரிந்தது.

“தம்பி, ஒரு மாசமா நான் அதைத் தொடவேயில்லை. அப்பவும் இந்தளவு காசு வந்திருக்கு. நான் என்ன செய்ய?”

நல்லூரிற் கொடியேறி ஆறு நாள் ஆகியிருந்தது. கொடியேற்றத்தை அவர் பார்த்திலர்.

அவர் எண்ணியதில் நியாயம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை மறந்தவர் நம்மில் எவருமிலர். அவ்வாண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 மாசியில் மேலும் 66 வீதமும் ஏறின. அன்று தொட்டு, ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் அதனை முதலில் நிறுத்துபவர் தாயாரே. மின்சாரமும் தண்ணீரும் மீற்றர் காட்டும் அளவுக்கே காசு கேட்பவை. கூடப் பாவித்தாற் கூட வரும். குறையப் பாவித்தாற் குறையும். ஆகவே தொலைக்காட்சிச் சிட்டை ஏறினால், தாம் கூடப் பார்த்ததே காரணமென்று அவர் கொண்டார். அவ்வெண்ணத்துக்கு நமது சொல்லே முத்திரை குத்திற்று. உண்மையில் அப்பெட்டிக்கு மீற்றரே கிடையாது.

இதனை அவருக்கு விளக்க முயன்றபோதுதான், நமக்கே அது தெளிவாக விளங்காதிருந்தமை தெரிந்தது. செய்மதி வழியே ஒலியும் ஒளியும் பரப்பலாம் என்று உலகறியச் சொன்னவர் பின்னாளில் நமது கொழும்பில் வாழ்ந்தவரே. ஆதர் சி. கிளார்க், 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் ஆங்கில இதழில் அக்கருத்தை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியைச் சுற்றவிட்டால், அது பூமி சுழலும் வேகத்துக்கு இசையச் சுற்றும். நிலத்திலிருந்து பார்ப்போர்க்கு ஓரிடத்தில் அசையாது நிற்பதாகவே தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் இருந்தால் உலகின் பெரும்பகுதிக்கும் ஒலிபரப்பலாம் என்பது அவர் கணிப்பு. பல்கனியில் ஒருமுறை திருப்பி முறுக்கிய டிஷ், பின்னர் அசையாது நின்றும் படம் தருவது இதனாலேயே. 1956இல் இலங்கைக்கு வந்த கிளார்க், 2008இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1975இல் இந்தியா தன் சிற்றூர்களுக்குச் செய்மதி வழியே கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய ‘சைட்’ திட்டத்தின்போது, அவற்றைக் காணக் கொழும்பிலிருந்த அவர் வீட்டிலும் பெரியதொரு டிஷ் நிறுவப்பட்டது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம் அது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலுமே தொடங்கின.

இவ்வளவையும் தாயாருக்குச் சொல்லிப் பயனில்லை. எனவே இப்படிச் சொன்னோம்: “அம்மா, அது மழை மாதிரி. மேலை இருந்து பெய்யுது. முத்தத்திலை வாளி வைச்சாலும் விழும், வைக்காட்டியும் விழும். நீங்கள் பாத்ததாலை ஒரு துளியும் குறையாது.”

சற்று யோசித்தார். “அப்ப, மழைக்கு ஏன் காசு கேக்கினம்?”

தருக்கம் கற்றவர்க்கும் எளிதில் விடை தோன்றாத வினா. “வாளிக்கு மூடி போட்டுப் பூட்டியிருக்கினம். அந்தத் திறப்புக்குத்தான் வாடகை” என்றோம். மழைக்கன்று, திறப்புக்கே காசு என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. “அப்ப, ஒரு திறப்பு இருந்த இடத்திலை இப்ப எத்தினை திறப்பு?” என்றார். அந்த வினாவோடுதான் மறுநாள் நாம் நிறுவனத்தின் கிளைக்குச் சென்றோம்.

கருமபீடத்திலிருந்த பெண் பொறுமையுள்ளவர். நாம் கையெழுத்திட்ட தாளின் பிரதியை எடுத்துக் காட்டினார். சிவப்பு மையில் நமது கையெழுத்து, விடைத்தாளில் இட்ட புள்ளி போல் விளங்கிற்று. அதற்கு மேலே மூன்று கட்டங்களிற் சரியடையாளம் இருந்தது. முதலாவது, நமது பழைய 1,400 ரூபா அலைவரிசைத் தொகுதிக்குப் பதிலாக, துல்லியமான படந்தரும் 1,950 ரூபாத் தொகுதி. இரண்டாவது, வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்கு இணைப்பு, 300 ரூபா. மூன்றாவது, முதல் மாதம் மட்டும் பழைய கட்டணமே என்னும் சலுகை. முதற் சிட்டை ஏறாதிருந்ததன் மருமம் அதுவே. ஆக, கூடிய தொகை 850 ரூபா. அதன்மேல் 2024 தை முதல் நூற்றுக்கு 18 வீதமான பெறுமதி சேர் வரி. 850 என்பது 1,003 ஆயிற்று.

நமது வீட்டில் இரண்டாவது தொலைக்காட்சி கிடையாது. இருக்கும் ஒன்றும், முதுகு புடைத்த பழைய பெட்டி. துல்லியமான படத்தைக் கொடுத்தாலும் அதற்குக் காட்டத் தெரியாது. இவற்றை எடுத்துரைத்தோம். “நீங்கள்தானே சேர் சைன் பண்ணியிருக்கிறீங்கள்” என்றார் அப்பெண், பணிவோடு. மறுமொழி சொல்ல இயலவில்லை. ஆயினும், இல்லாத தொலைக்காட்சிக்கு அறவிட்ட தொகையை அடுத்த சிட்டையிற் கழிப்பதாகவும், பழைய தொகுதிக்கே நம்மை மாற்றுவதாகவும் எழுதித் தந்தார். துல்லியப் படத்துக்குச் செலுத்திய மேலதிகப் பணம் போனது போனதே.

நியாயமான கட்டண உயர்வுகளும் உண்டு என்பதை மறுப்பாரில்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டணத் தொலைக்காட்சிக்கு நூற்றுக்கு 25 வீத உயர்வை அனுமதித்தது. செப்டெம்பர் 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அது நாடறிய ஏறியது, பத்திரிகையிற் படித்தோம், பெருமூச்சோடு செலுத்தினோம். அத்தகைய உயர்வு எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. காரணம் தெரியாமல் ஏறும் சிட்டையே வீட்டுக்குள் ஒருவரையொருவர் ஐயுறச் செய்கின்றது. அங்ஙனம் குற்றஞ் சுமப்பவர், பெரும்பாலும் அவ்வீட்டில் எதிர்த்துக் கேளாதவரே.

ஆகவே வாசக அன்பர்களுக்கும், சிறப்பாக ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மாணவச் செல்வர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குப் புதிய பெட்டி ஏதும் வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். மாதக் கட்டணம் வரியோடு எவ்வளவு? சலுகை எந்த நாளில் முடிகிறது? பழைய தொகுதி அப்படியே இருக்கிறதா, மாறுகிறதா? வேண்டாமென்றாற் பழையதற்குத் திரும்ப வழியுண்டா? விடைகளைத் தாளின் பின்புறத்தில் எழுதுவித்து, பிரதியொன்றை வாங்கி வையுங்கள். பின்வரும் மூன்று மாதச் சிட்டைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பேசித் தீராவிடில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். இவ்வாறு கேட்பது கஞ்சத்தனம் என்று கூசவேண்டியதில்லை. நாம் ஐந்து நிமிடம் கூசியதன் விலையை, ஒரு மாதம் இருண்ட திரையின் முன்னே இருந்து நமது தாயார் செலுத்தினார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோமா? நம்மவர் வீடுகளில் மகன் தாயிடம் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. கிளையிலிருந்து திரும்பியதும் பெட்டியை நாமே போட்டு, அவர் கதிரையை அதன் முன்னே நகர்த்தி வைத்தோம். அவரும் ஒன்றும் பேசாமல் வந்து அமர்ந்தார். கண்ணெரிவு அன்றே மாறிவிட்டது.

தேர்த் திருவிழா அன்று விடியுமுன்பே முழுகி, திருநீறணிந்து, அக்கதிரையில் இருந்தார். ஆறுமுகப் பெருமான் தேரேறி வெளிவீதி வருகையில், அந்தப் பழைய திரையின் மங்கலான படத்தை நோக்கித் தலைமேற் கைகூப்பினார். தேர் இருப்பிடம் சேர்ந்து கூட்டம் கலையத் தொடங்கியதும் றிமோற்றை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

“போதும் தம்பி, இனி நிப்பாட்டு” என்றார். நமது முகம் மாறியதைக் கண்டு சிரித்தபடி, “இது அந்தக் காசுக்கில்லை, கரண்டுக்கு. அந்த மீற்றர் ஓடுதெல்லே” என்றார்.