எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் எங்கள் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டீச்சர், குசினிப் பைப்பக் கழட்டுறதுக்கு முந்தி எதப் பூட்டணும்?" கேட்டுவிட்டு வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். யாராவது கேட்டுச் சிரிக்கிறார்களா என்று பார்க்கிற பார்வை. நாங்களும் அப்படித் திரும்பிப் பார்த்தவர்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வாப்பா மௌத்தானது 2023 ஒக்டோபர் கடைசியில். காக்கா கட்டாரில். வீட்டில் இத்தாவில் இருக்கும் உம்மா, மூத்தம்மா, நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான். உறுதி எங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, அதை எங்கே மூடுவது, ட்ரிப் சுவிட்ச் எதற்காக விழுகிறது என்று ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. வாப்பா தபால் கந்தோரிலிருந்து வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடுவார். நாங்கள் டோர்ச் பிடித்திருக்கிறோம். டோர்ச் பிடிக்கிறவர்களுக்கு வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். "இது என்ன வாப்பா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மௌத்து வீட்டுச் சனம் குறைந்து, வீடு அமைதியான இரண்டாம் கிழமையில்தான் குசினிப் பைப் சொட்டுவது காதில் விழுந்தது. முதலில் ஒரு வாளி வைத்தோம். சுபஹுக்கு எழும்பும்போது வாளி நிறைந்திருந்தது. மூத்தம்மா, "உங்கட வாப்பா இருந்தா இந்தச் சத்தம் கேட்டிருக்காது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்குக் குத்தியது.

ஆளைக் கூப்பிடலாம்தானே என்பீர்கள். கூப்பிடலாம், தடையில்லை. உம்மா அறைக்குள் இருப்பார், வேலைக்காரர் குசினியோடு போய்விடுவார். ஆனால் எங்கள் வீடு சின்னது. உம்மாவின் அறை வாசல் குசினியைப் பார்த்தபடி இருக்கிறது. பகலில் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். பின்னேரம் வரச் சொன்னால் "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு வாறன்" என்பார்கள். ஒரு வோசருக்காக யாரும் ஓடி வருவதில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு கிழமை காத்திருந்துவிட்டு நாங்களே கழற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

முதல் வேலை தண்ணீரை மூடுவது. டேங்கின் அடியில் இரண்டு வால்வுகள். ஒன்று மோட்டரிலிருந்து மேலே ஏறும் குழாயில், மற்றது வீட்டுக்கு இறங்கும் குழாயில். நாங்கள் மூடியது ஏறுவதை. பைப்பைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. இரவு வட்ஸ்அப்பில் காக்கா சிரித்துவிட்டுச் சொன்னார், டேங்கின் மேல்விளிம்புக்குப் போகிறது ஏற்றுகிற குழாய், அடியிலிருந்து புறப்படுகிறது இறக்குகிற குழாய் என்று. இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்க நனைந்தோம்.

அடுத்தது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது. இதை யாரும் கேட்கமாட்டார்கள், வெட்கம். மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் திருப்பினால் மூடும், இறுகும். எதிர்ப்பக்கம் திறக்கும், தளரும். ஆனால் அந்த மணிக்கூட்டை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள். கைபிடி அல்லது நட்டின் தலை இருக்கும் பக்கமிருந்து பார்க்க வேண்டும். சிங்கின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்நோக்கி ஒரு நட்டைத் திருப்பும்போது மூளை குழம்பிவிடும். எங்களுக்குக் குழம்பி, தளர்த்துவதாக நினைத்து இறுக்கோ இறுக்கென்று இறுக்கி வைத்தோம்.

தண்ணீரை மூடிய பிறகு பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை ஓடவிட்டு, சிங்கின் ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதலில் கழரும் சின்ன ஆணி நேரே அதற்குள்தான் போகும். மேல்மூடி, கைபிடி ஆணி, பிறகு பெரிய நட்டு. அதைக் கழற்றி நடுத்தண்டை வெளியே எடுத்தால் அதன் அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டம். அதுதான் வோசர். எங்களுடையதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. இந்தச் சின்ன ரப்பருக்குத்தான் ஒரு கிழமைத் தூக்கம் போனது. கால்சுற்று மட்டும் திரும்பும் புது மாதிரிப் பைப்புகளில் இந்த ரப்பர் இராது. உள்ளே பீங்கான் தட்டுகள் உள்ள ஒரு துண்டு இருக்கும், அதை முழுதாக மாற்ற வேண்டும்.

ஹார்ட்வெயார் கடையில் தங்கச்சி போய், "பைப்புக்கு வோசர் ஒண்டு தாங்க" என்றாள். "அரை இஞ்சியா, முக்கால் இஞ்சியா?" பதில் இல்லை. பக்கத்தில் சீமெந்து வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், "வீட்டுல ஆம்பிள யாரயாவது அனுப்புங்க மகள்" என்று அன்பாகத்தான் சொன்னார். வெறுங்கையோடு வந்துவிட்டாள். அடுத்த நாள் பழைய வோசரை டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். ஒரு கேள்வியும் வரவில்லை. அளவு தெரியாவிட்டால் கழற்றிய பொருளையே கொண்டுபோங்கள். அடிமட்டம் வைத்து அளந்து சொல்லலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அரை இஞ்சிக் குழாயை வெளிப்பக்கம் அளந்தால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வரும், அரை இஞ்சி என்பதோ 12.7. அது குழாயின் பெயர், அளவு அல்ல. விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கே இது அன்றைக்குத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வோசரை மாற்றி முடித்து, குறட்டைத் திருப்பி வைக்க வாப்பாவின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பழைய பால்மா டின். அதற்குள் வோசர்கள், அளவு வாரியாக நூலில் கோர்த்து. நாங்கள் பெட்டியை முதலே திறந்து அந்த டின்னையும் பார்த்திருந்தோம். அவை என்னவென்று தெரியாததால் மூடி வைத்துவிட்டோம்.

அந்த வெற்றிக்குப் பிறகு எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. வெளிப்பக்கப் பிவிசி குழாயில் ஒரு வெடிப்பு. அறுத்து, கம் பூசி, சொக்கெட் போட்டு ஒட்டினோம். பத்து நிமிடத்தில் தண்ணீரைத் திறந்தோம். குழாய் கழன்று முகத்தில் அடித்தது. கம் டின்னிலேயே எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று எழுதியிருந்தது, வாசிக்கவில்லை. மாணவர்களிடம் "கேள்வியை முழுசா வாசிங்க" என்று கத்துகிறவர்கள் நாங்கள்.

இனிச் சொல்லப்போவது விளையாட்டில்லை.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. மாரி காலத்தில் எங்கள் பக்கம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்த இரவுகளில் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. தூக்கிவிட்டால் விழும். மூத்தம்மாவுக்கு இருட்டு பயம். பக்கத்து வீட்டு மாமா மதிலால் எட்டி, "ஃபிரிஜ்தான் பழுது, மாத்துங்க" என்றார். மாற்றக் காசில்லை.

எப்படித் தேடுவது என்று காக்கா சொல்லித் தந்தார். வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே வெளியே எடுக்க வேண்டும். பிறகு ட்ரிப் சுவிட்சைத் தூக்க வேண்டும். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும், எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. எங்களுக்கு எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தது. ஆக ஃபிரிஜ் குற்றவாளியல்ல. அடுத்து சின்ன பிரேக்கர்களை எல்லாம் கீழே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினோம். முன்பக்க லைட்டுகளின் பிரேக்கரைத் தூக்கியதும் டக்கென்று விழுந்தது.

முன்பக்கத்தில் மூன்று லைட். வெளிவாசல் லைட்டை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை. ஏனென்றால் அது அணைந்திருந்தது. அணைந்த லைட் என்ன செய்யும்?

மழை விட்ட ஒரு காலையில் தங்கச்சி ஏணியில் ஏறினாள், பல்பைக் கழற்றி ஹோல்டரைப் பார்க்க. சுவரில் சுவிட்சை அணைத்திருந்தோம். இரண்டு தரம் பார்த்தோம், அணைந்துதான் இருந்தது. ஹோல்டரில் கை வைக்கப் போனவள், வாப்பா எப்போதும் முதலில் டெஸ்டரை வைப்பார் என்று ஞாபகம் வந்து, அதைக் கேட்டாள். கொடுத்தோம். வைத்தாள். டெஸ்டர் பற்றியது.

கீழே நின்ற எங்களுக்குக் கை கால் உதறியது. "இறங்கு புள்ள" என்று மட்டும் சொன்னோம். அவள் இறங்கியதும் மெயினை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். உம்மா உள்ளேயிருந்து "என்ன சத்தத்தக் காணல்ல?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல உம்மா" என்றோம்.

அன்றைக்கு ஆள் கூப்பிட்டோம். வந்தவர் அனுபவமுள்ள வயரிங்காரர், எங்கள் வயதுதான். பார்த்துவிட்டுச் சொன்னார்: பழைய வயரிங், சுவிட்சை உயிர்க்கம்பியில் போடாமல் நொதுமல் கம்பியில் போட்டிருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தால் லைட் அணையும், ஆனால் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும். மழைத் தண்ணீர் ஹோல்டருக்குள் இறங்கி, ஈரச் சுவர் வழியாகக் கரண்ட் நிலத்துக்குக் கசிந்திருக்கிறது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமில்லாமல் போனதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. அது பழுதாகவில்லை, இத்தனை நாளும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சுவிட்ச் எப்போதும் உயிர்க்கம்பியில்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதுகிறோம். மாற்றி எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி வெட்டியிருக்கிறோம். எங்கள் தலைக்கு மேலேயே அது பிழையாக இருந்திருக்கிறது.

அவர் ட்ரிப் சுவிட்சிலுள்ள 'டீ' என்ற பொத்தானைக் காட்டி, "இத எப்பயாவது அமத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை. அது சோதிக்கும் பொத்தான், மாதமொரு முறை அமத்த வேண்டும், அமத்தியதும் விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது என்றார். அமத்தினோம், விழுந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுவது. ஆனால் ஷொக் அடித்து ஏணியிலிருந்து விழுகிற ஆளை எந்தச் சுவிட்சும் தாங்கிப் பிடிக்காது. டெஸ்டரைப் பற்றியும் ஒன்று சொன்னார். அது பற்றினால் கரண்ட் இருக்கிறது என்று நம்புங்கள், பற்றாவிட்டால் இல்லை என்று நம்பாதீர்கள். முதலில் கரண்ட் உள்ள பொயின்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே மற்ற இடத்தில் வையுங்கள், அதுவும் மெயினை அணைத்த பிறகு.

போகும்போது குசினியில் ஒன்றைக் கண்டு நின்றார். 13 அம்பியர் பொயின்டின் மேல் ஓட்டைக்குள் ஒரு பேனை மூடியைக் குத்தி, கீழே இரண்டு முள் பிளக்கைச் செருகியிருந்தோம். நீங்களும் செய்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். அந்த மேல் ஓட்டை புவிக்கம்பிக்குரியது. மூன்று முள் பிளக்கின் நீண்ட முள் அதற்குள் போனால்தான் கீழிரண்டு ஓட்டைகளின் கதவு திறக்கும், சின்னப் பிள்ளைகள் கம்பியைச் செருகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. நாங்கள் பேனையால் அந்தக் கதவை உடைத்துத் திறக்கிறோம். அவர் ஒன்றும் பேசவில்லை, பேனை மூடியை எடுத்து எங்கள் கையில் தந்தார்.

இப்போது எங்கள் கணக்கு இப்படி. தண்ணீர் வேலையில் பிழைத்தால் நனைவோம், ஆகவே முயற்சி செய்யலாம். கரண்ட் வேலையில் பல்பு மாற்றுவோம், எந்தப் பொருளில் கோளாறு என்று தேடுவோம், அதோடு கையை எடுத்துவிடுவோம். ஹோல்டர், பொயின்ட், பிரேக்கர் என்றால் தெரிந்த ஆள்தான். சொந்தக்காரர் சிலர் "பொம்புளப் புள்ளகள் ஏணியில ஏறுறதா?" என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். உம்மா இத்தா அறையிலிருந்தே, "அப்ப நீங்க வந்து ஏறுங்க" என்றாராம். யாரும் வரவில்லை.

சாமான் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: பெரிய செட் எதுவும் வேண்டாம். வாய் கூட்டிக் குறைக்கிற ஒரு ஸ்பேனர், குறடு, தட்டையும் பூவும் என இரண்டு ஸ்க்ரூ ட்ரைவர், டெஸ்டர், ஒரு சுருள் த்ரெட் டேப், நல்ல டோர்ச். டேப்பைச் சுற்றும்போது குழாயின் நுனி உங்களைப் பார்த்திருக்க, மணிக்கூட்டுப் பக்கமாகச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் இறுக்கும்போது உரிந்து வந்துவிடும். கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும், பாவித்த பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

ஆம்பிளைகளுக்கும் ஒன்று. உங்கள் பெண் பிள்ளைகளிடம் டோர்ச்சை மட்டும் கொடுக்காமல் ஒரு தரம் ஸ்பேனரையும் கொடுங்கள்.

ஸ்டாஃப் ரூம் டீச்சர் இன்றைக்கு வந்தார். தண்ணீரை மூடிக் கழற்றிவிட்டாராம். கைப்பையிலிருந்து டிஷ்யூ ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே பள்ளம் விழுந்த கறுப்பு வோசர். "அரை இஞ்சியா முக்காலா தெரியல்ல டீச்சர்" என்றார், இந்த முறை வாசலைத் திரும்பிப் பார்க்காமல். கடைக்குப் போக வேண்டாம், நாளைக்குப் பால்மா டின்னைக் கொண்டு வருகிறோம் என்றோம்.