கடவுள் செயலா, காற்றுக் குறைவா?

"கடவுள் செயல்!" - கோயில் வாயிலில் மட்டுமல்ல, காப்பீட்டு ஏடுகளிலும் இடம் பிடித்துவிட்ட சொற்றொடர் இது. வெள்ளம் வந்தால் கடவுள் செயல். இடி விழுந்தால் கடவுள் செயல். நிலம் நடுங்கினால் கடவுள் செயல். கருணைக் கடல் என்று பாடப்படுகிறவர், காப்பீட்டு ஏட்டிலே அழிவுக்கு மட்டுமே பொறுப்பாளர்! விந்தையல்லவா இது?

2010 அக்டோபர் திங்களில், புனேயிலிருந்து மும்பை நோக்கி விரைந்த காரின் பின்சக்கர டயர் வெடித்தது. வண்டி பள்ளத்தில் உருண்டது. அதில் பயணம் செய்த ஒருவர் அங்கேயே மாண்டார். அவருடைய குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பாயம் 2016இல் கூறியது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. எதைச் சொல்லி? டயர் வெடித்தது கடவுள் செயல், ஆகவே எம்மீது பொறுப்பில்லை என்று சொல்லி!

பம்பாய் உயர்நீதிமன்றம் 2023இல் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மிகுந்த வேகம், குறைந்த காற்று, மிகைக் காற்று, பழைய டயர், வெப்பம் - டயர் வெடிக்கப் பல காரணங்கள் உண்டு, புறப்படுமுன் டயரைப் பார்க்க வேண்டியது மனிதன் கடமை, அதைச் செய்யாதது கவனக்குறைவு என்று கூறியது. பகுத்தறிவாளர் மேடையிலே ஒலிக்கவேண்டிய உண்மை, நீதிமன்றத்திலே ஒலித்தது!

தோழர்களே! அந்தத் தீர்ப்பைப் படித்த கண்ணோடு, தாம்பரத்துச் சாலைக்கு வாருங்கள்.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீளுகிறது ஜி.எஸ்.டி. சாலை. விடுமுறை வந்தால், தென் மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகள் அதிலே அணிவகுக்கும். அவற்றுள் பல, வாங்கிய நாளிலே நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுப் புறப்பட்டவை. முன்னே கறுப்புக் கயிறு, கீழே மிளகாய் கோத்த எலுமிச்சை, ஆண்டுக்கொரு முறை ஆயுத பூஜையன்று பூசணிக்காய். உடைத்த பூசணிக்காயைச் சாலையிலேயே விட்டுச் செல்வார்கள். பின்னே வரும் இருசக்கர வண்டிக்காரன் அதிலே வழுக்கி விழுவான். ஒருவர் கண்ணேறு கழிய, இன்னொருவர் கால் முறிய வேண்டுமாம்!

எலுமிச்சைக்கு இத்தனை பரிவு. டயருக்குள் இருக்கும் காற்றுக்கோ எவரும் கணக்குக் கேட்பதில்லை.

காற்றுக்குக் கணக்கு உண்டு. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரிலே, ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்லிலும் மேட்டிலும் தடதடப்பதைக் கண்டார். நேர்த்திக்கடன் நேரவில்லை அவர். இரப்பர்க் குழாயிலே காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். அன்று முதல் வண்டியின் பாரத்தைச் சுமப்பது இரப்பரைவிட அதிகமாக உள்ளே அடைபட்ட காற்றுதான்.

அந்தக் காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவது போல, டயரும் சூடேறும். வேகம் கூடக்கூடச் சூடு கூடும். உள்ளே இருக்கும் இழைகளின் பிடிப்புத் தளரும். ஒரு நொடியிலே கிழியும். மக்கள் அதை "வெடித்தது" என்பர், "விதி" என்பர்.

இதிலே ஒரு மூடநம்பிக்கை, படித்தவர்களிடமும் குடிகொண்டிருக்கிறது. "வெயில் காலம், காற்றைக் குறைத்துப் பிடி" என்பார்கள். காலையில் 28 பாகைக் குளிர்ச்சியிலே 33 பி.எஸ்.ஐ. பிடித்த டயர், நண்பகல் ஓட்டத்தில் 60 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 38 காட்டும். இயற்பியல் விதி அது. அந்த ஏற்றத்தையும் எண்ணித்தான் டயரைச் செய்கிறார்கள். அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிட்டால் டயர் மேலும் மடியும், மேலும் சூடேறும். சூட்டுக்கு அஞ்சிச் சூட்டையே விலைக்கு வாங்குகிற வேலை!

என்னிடம் இருப்பது பதினைந்து ஆண்டைக் கடந்துவிட்ட சிறிய கார். அது பிறந்த காலத்தில், காற்றழுத்தத்தைக் கண்டு சொல்லும் உணரி, அத்தகைய வண்டிகளுக்கு எட்டாப் பொருள். கடைகளிலே 'சென்சார்' என்பார்கள். டயர்களை மாற்றவேண்டிய காலம் வந்தபோது, உணரிகளையும் பொருத்திவிட முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே தம்பி, இப்ப எதுக்கு வீண் செலவு? ஒரு பூஜை போட்டா போதாதா?" "பூஜை போட்டால் எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைகிறது என்று சொல்லுமாய்யா?" என்றேன். சிரித்துவிட்டார். சிரிப்பிலே பாதி வழி வந்துவிட்டார் என்றே கொண்டேன்.

தாம்பரத்து டயர்க்கடைத் தொழிலாளி, பட்டம் பெறாத பேராசிரியர். "ரெண்டு வகை இருக்கு சார். வால்வு மூடி மாதிரி வெளியே திருகுறது ஒண்ணு. ரிம்முக்கு உள்ளே வைக்கிறது ஒண்ணு. வெளியே வெச்சா நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். ஆனா எவனாச்சும் கழட்டிக்கிட்டுப் போயிடுவான். நீளமான ரப்பர் வால்வா இருந்தா, அந்தக் கனம் ஆடி ஆடி அடியில வெடிப்பு விட்டுடும். உள்ளே வைக்கணும்னா டயரைக் கழட்டணும், பேலன்சிங் பண்ணணும். எப்படியும் டயர் மாத்துறீங்க, அதோட சேத்து வெச்சிட்டா தனிக் கூலி மிச்சம்" என்றார்.

உள்ளேயே வைத்தோம். பழைய வால்வை அறுத்தெறிந்து, உணரியோடு இணைந்த புதிய வால்வை வைத்து, இரப்பர் வளையம் நசுங்காத அளவுக்கு மரையை முறுக்கினார். ஒவ்வோர் உணரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண் எந்தச் சக்கரத்தில் என்பதை, ஓட்டுநர் முன்னே இருக்கும் சிறு பெட்டிக்குக் கற்பித்தார். சக்கரங்களை இடம் மாற்றினால் மீண்டும் கற்பிக்க வேண்டும் என்றார். "பஞ்சர் ஒட்டப் போனா, உள்ளே சென்சார் இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க சார். வால்வு பக்கத்துல கம்பியை விட்டா உடைஞ்சிடும்" என்று எச்சரித்தும் அனுப்பினார். எண்ணெய் படிந்த அந்தக் கைகளுக்குள்ள அறிவை, எந்த மந்திரம் மதிப்பிட்டுவிட முடியும்?

குரோம்பேட்டையிலே எம்.ஐ.டி. 1949இல் தொடங்கியபோதே, மோட்டார் வண்டிப் பொறியியலும் கருவிப் பொறியியலும் அதன் பாடங்களாயின. அளந்தறியும் கலை நம் ஊருக்குப் புதிதல்ல. கல்லூரிச் சுவருக்குள் இருந்த கலை, சாலையோரக் கடைக்கும் வந்துவிட்டது. வண்டி உரிமையாளன் நெஞ்சுக்குத்தான் இன்னும் வரவில்லை.

உலகம் என்ன செய்தது? அமெரிக்காவிலே ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து, ஃபோர்டு வண்டிகள் உருண்டு, இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். "தலையெழுத்து" என்று அந்நாடு தலையைத் தொங்கவிடவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல், புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்தக் கண்காணிப்பு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் அந்நிலையை எட்டியது. இந்தியாவில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தமோ, கண்காணிப்புக் கருவியும் பழுது நீக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று சலுகை தந்தது. பொருத்தியே தீரவேண்டும் என்று கட்டளையிடவில்லை.

விளைவு? ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே தொழிற்சாலை. ஆனால் விலை மிகுந்த மேல்வகைக்கு உணரி உண்டு, அடிவகைக்கு இல்லை. பல கார்களின் கதை இது. பிறப்பிலே வருணம் பிரித்த நாட்டில், வண்டியிலுமா வருணம்? பணம் படைத்தவன் டயருக்கு மட்டும் எச்சரிக்கை, வாடகைக் கார் ஓட்டி வயிறு வளர்ப்பவன் டயருக்கு எலுமிச்சையா? 2022இல் தமிழ்நாட்டில் நேர்ந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே மிகுதி. இழந்த உயிர்கள் 17,884. எல்லாம் டயரால் அல்ல. ஆனால் தடுக்கக்கூடிய ஒரு சாவையும் விதியின் கணக்கிலே எழுத நமக்கு உரிமையில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கருவியையும் கடவுளாக்கிவிடாதீர். அமெரிக்க விதி, காற்று கால் பங்கு குறைந்த நிலையில்தான் எச்சரிக்கையைக் கட்டாயமாக்குகிறது. 33 இருக்கவேண்டிய டயர் 27க்கு இறங்கியும் விளக்கு எரியாத வண்டிகள் உண்டு. உணரிக்குள் இருக்கும் மின்கலத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டே ஆயுள். அது தீர்ந்தால் உணரியையே மாற்றவேண்டும். இரப்பர் மூப்படைந்ததை உணரி அறியாது. டயரின் பக்கத்திலே நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். அதை நாம்தான் படிக்கவேண்டும். பாராத விளக்கும் பச்சை எலுமிச்சையும் ஒன்றே!

ஆகவே, இளைஞனே! உன் தெருவிலே ஒருவர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்தால், சண்டைக்குப் போகாதே. வண்டிக் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவை அவருக்குப் படித்துக் காட்டு. காலையில், வண்டி ஓடுமுன், அழுத்தமானியை வால்விலே வைத்து அளந்து காட்டு. ஸ்டெப்னியையும் மறவாதே. அந்த நான்கு பழங்களையும் பிழிந்து, வெயிலிலே வண்டி ஓட்டி வந்தவருக்கு ஒரு குவளைச் சாறு கொடு. களைப்பாவது தீரும். கண்காணிப்புக் கருவி எல்லா வண்டிக்கும் வேண்டும் என்று, கேட்கவேண்டிய இடத்திலே உரத்துக் கேள்!