பெயரும் பேரும்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் குறி என்று இலக்கணம் கற்றோர் எவரும் எளிதாகச் சொல்லிவிடுவர். அக்குறியை இடுபவர் யார், அதன் பொருளை மாற்றும் உரிமை எவர் கையில் உள்ளது என்று கேட்போர் சிலரே. அவ்வினாவை நம்முன் வைத்தவர் பேராசிரியர் எவரும் அல்லர். தைப்பொங்கல் விடுமுறைக்கு றொசல்லவுக்கு வந்திருந்த நம் பழைய மாணவர் ஒருவர். லயத்தில் பிறந்து, குப்பி விளக்கில் படித்து, இன்று கொழும்பில் கணினிச் செய்நிரல் எழுதிப் பிழைப்பவர்.

"சேர், எங்க வேலையில பாதிச் சண்டை பேர் வைக்கிறதுலதான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது நாம் நம்பவில்லை. கணினியின் உலகம் எண்களின் உலகம். அங்கே சொல்லுக்கு என்ன வேலை என்றே எண்ணினோம். அவர் விளக்கிய பின்னரே நம் அறியாமை புலப்பட்டது.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் கட்டியாளும் அடிப்படைச் செய்நிரலைப் பணிசெயல் முறைமை என்பர். அதனை எழுதுவோர் மக்ரோ என்றொரு கருவியைக் கையாளுகின்றனர். நீண்டதொரு வாசகத்துக்கு ஒரு சிறு பெயரை இட்டுவிடுவது. பின்னர் அப்பெயர் வரும் இடந்தோறும் கணினி அதனை நீக்கி முழு வாசகத்தையும் அங்கே பெய்துகொள்வது. இவ்வளவே மக்ரோ.

இது நமக்குப் புதிதன்று. 'வல்லினம்' என்ற சொல்லை இலக்கண ஆசிரியன் அவ்வாறே ஆளுகின்றான். அச்சொல் க, ச, ட, த, ப, ற என்னும் ஆறெழுத்துக்களாக விரிகின்றது. 'வல்லினம் மிகும்' என்று கற்பிக்கும்போது, 'ஆறும் மிகுமா?' என்று கேட்கும் மாணவன் கூர்மையுள்ளவன். டகரமும் றகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. ஆதலின் அங்கே மிகுவன நான்கே. பெயர் ஒன்று, அதன் விரிவு ஒன்று, அது பயன்படும் இடம் ஒன்று. மூன்றையும் பொருத்திப் பாராதவன் பிழைபடுவான்.

அத்தகைய பிழையே 2001ஆம் ஆண்டில் பெரும் வழக்காடலுக்குக் காரணமாயிற்று. பின்லாந்து நாட்டு மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கி, உலகெங்கும் உள்ள செய்நிரலாளர் கூடி வளர்த்துவரும் முறைமை லினக்ஸ். அதில் இரண்டு எண்களுள் சிறியதைத் தருவதற்கு 'மின்' என்றும் பெரியதைத் தருவதற்கு 'மேக்ஸ்' என்றும் மக்ரோக்கள் இருந்தன. குழந்தைக்கும் விளங்கும் பெயர்கள். ஆயின் மறை எண் ஒன்றும், மறைக் குறியே அறியாத எண்வகை ஒன்றும் ஒப்பிடப்படும்போது விபரீதம் நேரும். 32 துவித இடங்களில் எழுதப்பட்ட மறை ஒன்று, குறியற்ற எண்ணாக வாசிக்கப்பட்டால் 4294967295 ஆகிவிடும். கடனாளி ஒரு நொடியில் கோடீசுவரன் ஆவது போன்றது இது. பெயரோ எதுவும் நிகழாதது போல் 'மின்' என்றே நிற்கும்.

இதனைத் தடுக்கும் பொருட்டு, அவ்வாண்டு ஓகஸ்டில் வெளிவந்த 2.4.9 என்னும் பதிப்பில், எண்ணின் வகையையும் சேர்த்துச் சொன்னாலன்றி அம்மக்ரோக்கள் இயங்கா என்று விதித்தனர். உடனே எதிர்ப்பு எழுந்தது. நோக்கம் நன்று, ஆயினும் எல்லோரும் ஒரு பொருளில் அறிந்த பெயருக்குள் வேறொரு பொருளைப் புகுத்துவது முறையோ என்று பலர் வாதிட்டனர். முடிவில், பழைய பெயர் இரண்டு எண்களுக்கே உரியதாயிற்று. அவை இரண்டும் ஒரே வகையினவா என்ற சோதனையும் அதனுடன் சேர்ந்தது. வகையைச் சொல்லி ஆளும் மக்ரோவுக்கோ 'டி' என்னும் எழுத்தைப் பின்னே சேர்த்துப் புதுப்பெயர் இட்டனர். பொருள் மாறினால் பெயரும் மாறவேண்டும். பெயர் மாறாதாயின் பொருளும் மாறலாகாது. அவ்வழக்கிலிருந்து நாம் கற்றது இதுவே.

நம் மாணவர் இதனைச் சொல்லி முடித்தபோது நாம் மௌனமாயிருந்தோம். அந்த 2001ஆம் ஆண்டு நம் நினைவில் வேறொரு காரணத்தால் நிலைத்திருந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாட்கூலி. பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, குறித்த அளவு கொழுந்து எடுத்தவளுக்கு 'முழுப்பேர்'. அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. மாந்தரின் பெயரும் கூலியின் கணக்கும் ஒரே சொல்லாகிப்போன இடம் நம் மலையகம். அரைப்பேர் பெற்றவள் அன்றைக்கு அரை மனுஷி.

அவ்வாண்டின் மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் தாயார் கொழுந்து மடுவத்திலிருந்து வெறுங்கூடையுடன் திரும்பி, முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முந்திய நாள் எடுத்த அதே நிறைதான் அன்றும் எடுத்திருந்தார். முந்திய நாள் அது முழுப்பேர், அன்று அரைப்பேர். காலையில் அளவு இரண்டு கிலோ கூட்டப்பட்டதாம். மலையின் மறுபக்கம் நின்ற பெண்களுக்கு எவரும் சொல்லவில்லை. "கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டேன். பேரு மாறல, அளவுதான் மாறியிருக்குன்னாரு" என்றார் தாயார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாகிய நமக்கு அது விளங்கவில்லை. மறுநாள் வாங்கவிருந்த கொப்பிகள் வாங்கப்படவில்லை என்பது மட்டும் விளங்கியது.

இன்று விளங்குகின்றது. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் விரிவை மாற்றுவதே வலியோரின் பழைய வித்தை. தோட்டத்தில் மட்டுமா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் 'இலங்கைப் பிரசை' என்னும் பெயருக்கு ஒரு விரிவு எழுதிற்று. அச்சட்டத்திற்கு முன் இலங்கையில் பிறந்தவன் வழிமுறையாற் பிரசையாக வேண்டுமாயின், அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். இம்மண்ணைக் காடு வெட்டித் தேயிலையாக்கியவரின் பிள்ளைகளிடம் பாட்டன் பிறந்த சான்றிதழ் கேட்கப்பட்டது! ஒரு சொல்லின் விரிவு மாறியதால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னர்.

2020இல் லினக்ஸ் செய்நிரலாளரிடையே மற்றொரு விவாதம் எழுந்தது. ஏவும் கருவியை 'எசமான்' என்றும் ஏவப்படும் கருவியை 'அடிமை' என்றும் வழங்கிய ஆங்கிலச் சொற்கள் இனிப் புதிதாகப் புகுதல் வேண்டா என்ற விதி அவ்வாண்டு யூலையில் ஏற்கப்பட்டது. 'இயந்திரத்துக்கு மானம் உண்டா? வெறுஞ் சொல்தானே' என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர். 'கூலி' என்ற சொல்லால் விளிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அவ்வேளனத்தில் பங்குகொள்ள இயலாது. சொல் வெறுஞ் சொல்லன்று.

எனினும் சொல்லை மாற்றுவதோடு கடமை தீர்ந்தது என்பாரையும் நாம் ஏற்பதற்கில்லை. 'கூலி' போய்த் 'தொழிலாளி' வந்தது; லயம் போகவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று சம்பளச் சபை தீர்மானித்தது. அதன் பின்னர் கொழுந்தின் அளவைக் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் தொழிலாளர் முறையிட்டனர். ரூபாவின் எண் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பெயர். கிலோவின் எண் அதன் விரிவு. முன்னதைப் பேசி வென்றவர்கள் பின்னதைப் பேச மறந்தால் வெற்றி பாதியே. அதுவும் ஓர் அரைப்பேர்தான்.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. லினக்ஸின் இறுதி முடிவு அங்கும் ஒரு சிலர் கையிலேயே உள்ளது; ஆனால் ஒவ்வொரு மக்ரோவின் விரிவும் எவரும் திறந்து பார்க்கும்படி எழுதப்பட்டுள்ளது. எந்த வரியை, எந்த நாளில், யார் மாற்றினார் என்பதும் அதில் பதிவாகின்றது. நம் தாயாரின் பேர் எழுதப்பட்ட செக்றோலை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வாசிக்க அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் பிள்ளை இன்று ஆசிரியர். அதனால் இவ்வாண்டு தொட்டு நம் வகுப்பில் ஒரு பயிற்சி தொடங்கியுள்ளோம். இடுகுறிப் பெயரும் காரணப் பெயரும் கற்பித்த பின்னர், கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுகின்றோம். அதன் முழு விரிவையும், அதனை எழுதியவர் யார் என்பதையும் பிள்ளைகள் எழுதவேண்டும். முதல் நாள் எழுதிய சொல் 'வல்லினம்'. இரண்டாம் நாள் எழுதிய சொல் 'பேர்'.

வல்லினத்துக்கு எல்லோரும் எழுதினார்கள். பேருக்கு எழுதத் தெரியாத பிள்ளைகள், அன்று மாலை வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிப் போயினர்.