பல்லாரோ சந்தும் அப்பாவோட ரத்தக்குழாயும்

பலெர்மோவுல நான் இருக்கிற அல்பெர்கேரியா ஏரியாவுல பல்லாரோ சந்தைன்னு ஒண்ணு உண்டு. ரெண்டு பக்கமும் கடைகள் சந்துக்குள்ள நீண்டுக்கிட்டே வரும்; மிச்ச இடத்துலதான் ஜனம் போகணும். என் முதுகலை ஆய்வு என்னன்னு கேக்கறவங்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு எப்படிச் சேருதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறேன்.

தண்ணிக் குழாய்ல உப்பு படியற மாதிரின்னு நினைக்காதீங்க. கொழுப்பு சுவருக்குள்ளேயே நுழையுது. அதைத் தின்ன வர்ற வெள்ளணுக்கள் வீங்கி அங்கேயே குடித்தனம் போட்டுடும். பெரும்பாலும் கிளை பிரியற முக்குல, ரத்த உரசல் குறைவான பக்கத்துல. காரோ குழு 1969லயே சொன்ன விஷயம் இது.

ஆனா ஒரு வித்தியாசம். பல்லாரோ சுவர் நகராது. ரத்தக்குழாய்ச் சுவர் நகரும். வெளிப்பக்கமா விரிஞ்சு இடம் குடுக்கும். இதயத் தமனியில் படிவு சுமார் 40 சதவீதம் ஆகும்வரை வழி குறுகாமலேயே இருக்கலாம்னு 1987ல் கிளாகோவ் குழு காட்டினாங்க. அதாவது, வலி இல்லைங்கறது ஆதாரமே இல்ல.

அப்பா போன்ல சொல்றார்: "மூணு மாடி ஏறுறேன்டா, ஒரு வலி கிடையாது, எனக்கெதுக்கு டெஸ்ட்டு?"

மாடல்ல சுவரை அசைய வச்சாச்சு. அப்பாவைத்தான் லேபுக்கு அசைக்க முடியல. ஐடியா இருந்தா சொல்லுங்க மக்களே!