தெளிந்த மனத்தின் இசைவு

திருச்செந்தூரை அடுத்த கடலோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். ஒரு நாள் காலை, திருமணத் திருப்பலிக்கு மணி அடித்தாயிற்று. நண்பர்கள் இருபுறமும் தாங்கிப் பிடிக்க மணமகன் வந்தார். முந்திய இரவு அருந்திய மதுவின் மயக்கம் தெளியவில்லை, நா குழறியது. "இந்த நிலையில் மந்திரிக்க இயலாது" என்றேன். "சாமி, பந்திக்கு இலை போட்டாச்சு, ஊர் சிரிக்கும்" என்று பெரியவர்கள் மன்றாடினர். நான் இணங்கவில்லை. திருமணத்தை உருவாக்குவது இருவரின் இசைவே என்கிறது திருச்சபைச் சட்டம் 1057. போதிய அறிவுத் தெளிவு இல்லாதவர் அவ்விசைவைத் தர இயலாதவர் என்கிறது சட்டம் 1095. மாலையில் அவர் தெளிந்து வந்த பின்னரே மந்திரித்தேன். அன்று என் உறுதியை எண்ணி உள்ளூரப் பெருமை கொண்டதும் உண்டு.

அப்பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு, கல்லூரி மாணவி ஒருத்தி தன் தாயுடன் பங்கு இல்லத்திற்கு வந்தாள். பிறந்தநாள் விருந்தொன்றில் உடன் பயில்வோர் வற்புறுத்த மது அருந்தியிருக்கிறாள். தன்னிலை இழந்து கிடந்தவளை அவர்களுள் ஒருவன் கெடுத்துவிட்டான். "அவள் மறுக்கவில்லையே" என்பது அவனது வாதம். நான் அவளிடம் கேட்டது இதுதான்: "நீ ஏனம்மா குடித்தாய்? அங்கே ஏன் போனாய்?" அவள் தலை நிமிரவில்லை. தாய் அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அதன்பின் ஞாயிறு திருப்பலியில் அவளை நான் காணவில்லை.

மணமகனின் மயக்கத்தில் இசைவு இல்லை எனக் கண்ட நான், அப்பெண்ணின் மயக்கத்தில் அதைக் காணத் தவறினேன். நாட்டின் சட்டமோ அதை என்றோ கண்டுவிட்டது. மதுரா என்னும் பழங்குடிப் பெண்ணின் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரை விடுவித்தது. அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. நடப்பதன் தன்மையும் விளைவும் உணர இயலாத போதையில் பெண் தரும் இசைவு இசைவே அன்று என்று அப்போது வரையறுத்தனர். உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே இசைந்தாள் என்று கொள்ளலாகாது என 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. தானே விரும்பிக் குடித்தவன், தன் போதையைக் காட்டித் தப்பவும் வழியில்லை.

குடி தீது என்று நாம் பீடத்திலிருந்து ஓயாமல் முழங்குகிறோம். நல்லதே. ஆனால் மயங்கிக் கிடப்பவரைத் தொடுவது பெரும் பாவம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? அவள் குடித்தது தவறாகவே இருக்கட்டும். அதற்கு அவள் உடலைத் தண்டமாகக் கொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லை.

நாசரேத்தில் கபிரியேல் தூதர் மரியாவின் மறுமொழிக்குக் காத்திருந்தார். மரியா ஐயம் எழுப்பினார், விளக்கம் பெற்றார், பின்னரே இசைந்தார். படைத்தவரே ஓர் இளம்பெண்ணின் தெளிந்த இசைவுக்குக் காத்திருந்தார் என்றால், நாம் எம்மாத்திரம்?

சென்ற ஆண்டு அப்பெண்ணைத் தற்செயலாகக் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அடையாளம் காட்டாமல் இதனை எழுத இசைவு கேட்டேன், தந்தாள். "எழுதுங்க சாமி. ஆனா, இனிமே வர்ற பிள்ளைகிட்ட அந்தக் கேள்வியக் கேட்காதீங்க" என்றாள்.

பெற்றோரே, நம் இல்லங்களிலும் அக்கேள்வி எழாதிருக்கட்டும்.