துணிக்கொடியில் படிந்த கரி

துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுக்கப் போனால், புள்ளி புள்ளியாகக் கரி ஒட்டியிருக்கிறது. என்ன செய்வோம்? முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வாளியில் முக்குவோம், இல்லையா? ஜப்பானில் கிட்டாக்யூஷு நகரத்துப் பெண்கள் அதோடு விட்டுவிடவில்லை. இழுப்புக்கார மகனை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

அங்கே 1901-ல் யாவாட்டா இரும்பு ஆலை வந்தது. பிறகு எங்கு பார்த்தாலும் புகைபோக்கிதான். "ஏழு வர்ணப் புகை" என்று ஊரே பெருமைப்பட்டதாம்! பெருமைப்படாமல் என்ன? வீட்டு ஆண்களுக்குச் சோறு போட்டதே அந்தப் புகைதானே. பக்கத்து டோக்காய் விரிகுடாவை 1966-ல் சோதித்தபோது, தண்ணீரில் கரைந்த பிராணவாயு பூஜ்யம். "சாவுக்கடல்" என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

டோபாட்டா பகுதி மாதர் சங்கத்துப் பெண்கள் 1950 வாக்கிலேயே விரிப்புகளையும் சட்டைகளையும் வெளியே தொங்கவிட்டு, எவ்வளவு கரி படிகிறது என்று பார்த்தார்கள். பிறகு பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் பாடம் கேட்டு, பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்களையும் காற்றின் அழுக்கையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். 1965-ல் "நீல வானம் வேண்டும்" என்று 8 மி.மீ. படமே எடுத்தார்கள். பலருடைய கணவன்மார் அதே ஆலைகளில் வேலை! அந்த வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதனால்தானோ என்னவோ, கூச்சலைவிடக் கணக்கையே அவர்கள் நம்பினார்கள்.

பெண்களால் மட்டுமே எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நகராட்சி 1972-ல் ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டது. கந்தகம் குறைந்த எரிபொருள் வந்தது. விரிகுடாவின் அடியிலிருந்து பாதரசச் சேற்றை அள்ளினார்கள். பணமும் ஏராளமாய்ச் செலவானது. ஆலைகளை ஒரேயடியாக மூடிவிடவில்லை என்பதுதான் விசேஷம். விரிகுடாவுக்கு மீன்கள் திரும்பின. 1997 முதல் பழைய பாட்டில், குளிர்பெட்டி, கார் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் தொழிற்பேட்டையும் அங்கே வளர்ந்தது.

அந்த ஊர் நிபுணர் தகாகுரா, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இல்லத்தரசிகளுக்காக ஒரு கூடை உரமுறையை உருவாக்கினார். ஓட்டைகள் உள்ள துணிக்கூடை, உள்ளே அட்டை, உமி, தவிடு, உள்ளூர் நொதித்த பண்டங்களிலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கிப் போட்டுத் தினமும் கிளறிவிட வேண்டும். கிளறாமல் விட்டால் நாற்றம் அடிக்கும். அந்த வேலையை எங்கள் வீட்டில் மகனிடம் விட்டிருக்கிறேன்.